மக்கும் நாருக்கு நீர்ப்பற்று: பூந்திக்கொட்டைக்குப் புது வேலை கிடைக்குமா?

நமது சங்க உறுப்பினர்களின் கடைகளில் 'மக்கும்' என்று அச்சிட்ட சரக்குகள் கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே பெருகிவிட்டன. 1.1.2019 முதல் தமிழக அரசின் பிளாஸ்டிக் தடையும், 1.7.2022 முதல் மத்திய அரசின் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையும் நடைமுறைக்கு வந்தபின், பைக்கும் தட்டுக்கும் மாற்றுத் தேடியது போலவே, துடைக்கும் துணிக்கும், மாதவிடாய் நாப்கினுக்கும், குழந்தைகளின் டயாபருக்கும் மக்கும் மாற்று உண்டு என்று சொல்லிக்கொண்டு விற்பனைப் பிரதிநிதிகள் படியேறி வருகிறார்கள். 'சோளத்தில் செய்தது', 'கரும்பில் செய்தது', 'மூலிகைச் சாற்றால் பதப்படுத்தியது' என்று உறையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. விலை சாதாரணச் சரக்கைவிடக் கூடுதல். வாடிக்கையாளர் வாங்கிப் போய், 'அண்ணாச்சி, இது தண்ணியையே உறிஞ்ச மாட்டேங்குதே' என்று திருப்பிக் கொண்டுவந்தால் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான், தயாரித்தவர் அல்ல.

இன்னொரு பக்கம், நாட்டு மருந்துச் சரக்கும் மலைச்சரக்கும் கையாளும் என் போன்ற மொத்த வியாபாரிகளிடம், 'பூந்திக்கொட்டைச் சாறு எடுக்கிறோம், துணி ஆலைக்குப் போகிறது, எவ்வளவு இருந்தாலும் அனுப்புங்கள்' என்ற விசாரணைகள் வரத் தொடங்கியுள்ளன. கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆலையில் பூந்திக்கொட்டைக்கு என்ன வேலை, அந்த வேலை நிலைக்குமா என்று தெரியாமல் சரக்கைக் கட்டிப்போடுவது நல்லதல்ல. ஆகவே இரு தரப்பாருக்கும் பயன்படும்படி இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அது என்ன நார்?

மக்கும் நார் என்று இன்று சந்தையில் அதிகமாகச் சொல்லப்படுவது பாலி லாக்டிக் அமிலம் என்ற பொருளில் இழுத்த நார். சுருக்கமாக பி.எல்.ஏ. என்பார்கள். தயிர் புளிப்பதற்குக் காரணமான லாக்டிக் அமிலம்தான் இதற்கு மூலம். சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நுண்ணுயிர் கொண்டு புளிக்க வைத்து, வந்த அமிலத்தைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. கிடைக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நைலானைக் கண்டுபிடித்த அமெரிக்கர் வாலஸ் கரோதர்ஸ் 1932 வாக்கிலேயே இதில் வேலை செய்திருக்கிறார். 1970களில் உடலுக்குள் தானே கரைந்து போகும் அறுவை சிகிச்சைத் தையல் நூல்கள் இந்த வகையில் வந்தன. ஆனால் துணிக்கும் உறைக்கும் போதிய அளவில் வந்தது, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் 2002இல் பெரிய ஆலை தொடங்கிய பிறகுதான். தாய்லாந்தில் ரயோங் நகரில் கரும்பை வைத்து நடக்கும் ஆலை 2018இல் உற்பத்திக்கு வந்தது. நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்து பல்ராம்பூர் சீனி மில்ஸ் நிறுவனம் இதற்கு ஆலை அமைப்பதாக 2024இல் அறிவித்தது. எனவே இந்தச் சரக்கு இனிமேல் குறையாது, பெருகத்தான் செய்யும்.

இந்த நாருக்கு உள்ள குறை, அது தண்ணீரோடு ஒட்டாது. பருத்தி சாதாரணக் காற்றில் இருந்தே தன் எடையில் 7 முதல் 8 சதவிகிதம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பி.எல்.ஏ. நார் ஏற்பது அரை சதவிகிதம்தான். ஏறக்குறைய பாலியஸ்டருக்குச் சமம். தாவரத்தில் இருந்து வந்ததால் பருத்தி போல இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பிறந்தது சோளக்கொல்லையானாலும் குணத்தில் பாலியஸ்டரின் ஒன்றுவிட்ட தம்பி.

இதை அளக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பரப்பின்மேல் நீர்த்துளி விட்டால், துளியின் ஓரம் அந்தப் பரப்போடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. 90 டிகிரிக்குக் கீழே என்றால் பரப்பு தண்ணீரை விரும்புகிறது. மேலே என்றால் விரும்பவில்லை. பி.எல்.ஏ.வை வழவழப்பான தகடாகச் செய்து பார்த்தால் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி வரும், அவ்வளவு மோசமில்லை. அதையே மெல்லிய நாராக இழுத்துப் பாயாகப் பரப்பினால் 120 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. காரணம், நார்களின் இடையே சிக்கிய காற்று. துளி நார் முனைகளின் மீதும் காற்றின் மீதும் உட்கார்ந்து கொள்கிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதும் இந்தக் கணக்குத்தான். இலையின் மெழுகும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளுகின்றன.

பருத்தியிலும் இந்தத் தொல்லை உண்டு என்பது ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கத்து பேண்டேஜ் துணிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கொட்டை நீக்கிய பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன்மேல் மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை எடுத்த பிறகுதான் அது மருத்துவப் பஞ்சாகிறது. 10 வினாடிக்குள் நீரில் மூழ்க வேண்டும் என்பது மருந்து நூல்களில் உள்ள விதி. ஆனால் பருத்திக்குச் செய்த வைத்தியத்தை பி.எல்.ஏ.வுக்குச் செய்ய முடியாது. காஸ்டிக் அந்த நாரையே தின்றுவிடும். மேலும் இங்கே எடுத்துவிட மெழுகு ஒன்றும் இல்லை; நாரின் பிறவிக் குணமே அதுதான். எடுக்க முடியாத இடத்தில் சேர்க்கத்தான் வேண்டும். அங்கேதான் நுரைதரும் சரக்குகள் வருகின்றன.

நுரைக்குள் இருக்கும் சங்கதி

தண்ணீர் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக் கொள்ளும் குணத்தைப் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்போ, சீயக்காயோ, பூந்திக்கொட்டையோ கலந்தால் அது 40 அளவுக்கு இறங்கும்; சில பொருள்களில் இன்னும் இறங்கும். இழுவிசை இறங்கியதும் உருண்டு நின்ற துளி சரிந்து பரவுகிறது.

இப்படிப்பட்ட பொருளின் அணுக்கூட்டத்துக்கு இரண்டு முனைகள். ஒரு முனை தண்ணீரை நாடும். மறு முனை எண்ணெயை நாடும். தரகு வியாபாரத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்பவர் போல, எண்ணெய் முனையால் நாரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் முனையை வெளியே நீட்டி நிற்கிறது. தண்ணீர் வந்தால் நாரைப் பார்ப்பதில்லை. இந்தத் தரகரைத்தான் பார்க்கிறது. உடனே உள்ளே நுழைகிறது. ஒரு அளவுக்குமேல் சேர்த்தால் தரகர்கள் தங்களுக்குள்ளேயே கூட்டம் போட்டு உருண்டையாகி விடுவார்கள். இழுவிசை அதற்குமேல் இறங்காது. அதிகம் போட்டால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்று சாதாரண நாப்கினிலும் டயாபரிலும் தோலைத் தொடும் மேல்தாள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் நான்-ஓவன் துணிதான். அதுவும் தண்ணீரை ஏற்காத பிளாஸ்டிக்தான். ஆலையில் செயற்கை நுரைப்பொருள் பூசித்தான் ஈரத்தை உள்ளே விடும்படி செய்கிறார்கள். நார் மட்டும் மக்கும் நாராகி, மேலே பூசியது பெட்ரோலியப் பொருளாகவே இருந்தால் பாதி வேலைதானே என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இயற்கை நுரைப்பொருள்களைத் தேடுகிறார்கள்.

இயற்கையில் இவை பல இடங்களில் உண்டு. பூந்திக்கொட்டை, சீயக்காய், தென் அமெரிக்கச் சிலி நாட்டின் கிலாயா மரப்பட்டை ஆகியவற்றில் இருப்பது சபோனின். சோயாவிலும் சூரியகாந்தியிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருப்பது லெசித்தின். பிஸ்கட், சாக்லேட் தொழிலில் அன்றாடம் புழங்குவது. நுண்ணுயிரைச் சர்க்கரையிலும் எண்ணெயிலும் வளர்த்து எடுப்பது ரம்னோலிப்பிட், சோபோரோலிப்பிட் என்ற இரண்டு. ரம்னோலிப்பிட்டைப் பெரிய அளவில் செய்ய ஜெர்மனியின் எவோனிக் நிறுவனம் ஸ்லோவாக்கியாவில் ஆலை கட்டி 2024இல் திறந்தது. நமது பூந்திக்கொட்டைக்குப் போட்டியாளர் யார் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மழை பொய்த்தாலும் ஆலைத் தொட்டியில் விளைச்சல் குறையாது. ஒவ்வொரு டிரம்மும் ஒரே தரமாக இருக்கும்.

பூந்திக்கொட்டையைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சில ஊர்களில் பூவந்திக்கொட்டை என்பார்கள். தங்க நகையைக் கழுவவும், பட்டுச் சேலை அலசவும், கம்பளி துவைக்கவும் தலைமுறைகளாகப் பயன்பட்டது. தென்னாட்டு மரமும் இமயமலை அடிவாரத்து மரமும் ஒரே குடும்பம், வேறு வேறு இனம். அதன் தாவரவியல் பெயரான சபிண்டஸ் என்பதற்கே 'இந்திய சோப்பு' என்றுதான் பொருள். மேல்தோலில் சபோனின் ஏறத்தாழ 10 சதவிகிதம் அளவில் இருக்கும். இனத்துக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். சாறு சற்றே அமிலத் தன்மை உடையது. சோப்பு போலக் காரம் இல்லாததால்தான் பட்டு கெடுவதில்லை. பி.எல்.ஏ. நாருக்கும் காரம் ஆகாது என்று மேலே சொன்னேன். ஆக, ஜாதகம் பொருந்துகிறது. ஆனால் கல்யாணம் நடப்பதில் மூன்று சிக்கல்.

மூன்று வழி, மூன்று சிக்கல்

முதல் வழி, நாரோ துணியோ தயாரான பிறகு சாற்றில் முக்கியெடுத்து அல்லது தெளித்து உலர்த்துவது. செலவு குறைவு. நூல் வியாபாரிகளுக்குத் தெரிந்த ஸ்பின் ஃபினிஷ் எண்ணெய் போலத்தான். ஆனால் தண்ணீரை நாடும் பொருள் தண்ணீரோடேயே போய்விடும். முதல் முறை ஈரம் பட்டதும் பூச்சு கரைந்து, இரண்டாம் முறை பட்டால் துணி பழையபடி துளியை உருட்டிவிடும். ஒரு தடவை துடைத்து எறியும் துணிக்கு இது போதும். இரவு முழுதும் கட்டியிருக்கும் டயாபருக்குப் போதாது. இதனால்தான் உலகத் தர முறைகளில், துணியில் திரவம் எத்தனை வினாடியில் இறங்குகிறது என்று ஒரு சோதனையும், அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஊற்றினால் எப்படி என்று தனியாக இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறார்கள்.

கரைந்த பூச்சு வேறு இடத்திலும் தொல்லை செய்யும். உள்ளே போன ஈரத்தின் இழுவிசையைக் குறைத்துவிட்டால் அது உள்ளேயே நிற்காமல் திரும்ப மேலே கசியும். டயாபரின் கால் ஓரத்தில் வேண்டுமென்றே நீரை ஏற்காத துணி வைத்திருப்பார்கள். கட்டி அடுக்கிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்போது நடுத்துணியின் பூச்சு மெல்ல அந்த ஓரத்துக்கும் நகர்ந்துவிட்டால், ஒழுகும் என்று புகார் வரும். சரக்கு ஆலையில் நன்றாக இருந்தது, கடையில் கெட்டது என்று சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

இரண்டாவது வழி, நாரை இழுப்பதற்கு முன்பே உள்ளே கலந்துவிடுவது. கலந்தது கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். மேலே கரைந்தாலும் உள்ளே கையிருப்பு உண்டு. இங்கே பூந்திக்கொட்டைக்குச் சோதனை. துணி ஆலையில் பி.எல்.ஏ.வை 200 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடாக்கி உருக்கித்தான் இழுக்கிறார்கள். அந்தச் சூட்டில் செடிச்சாற்றில் உள்ள சர்க்கரைப் பகுதி கருகிப் பழுப்பேறும். வெல்லப்பாகு முற்றினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பழுப்பு நாப்கினை யார் வாங்குவார்? உருக்காமல், கரைப்பானில் கரைத்து உயர்ந்த மின்னழுத்தத்தில் தலைமுடியைவிட மிக மெல்லிய நாராக இழுக்கும் முறையும் இருக்கிறது. காயக்கட்டு, வடிகட்டி முதலிய விலை உயர்ந்த சரக்குகளுக்கு இது பயன்படுகிறது. அதில் சூடு இல்லை, ஆனால் பி.எல்.ஏ. கரைவது குளோரோஃபாம் போன்ற கரைப்பான்களில், சபோனின் கரைவது தண்ணீரிலும் ஆல்கஹாலிலும். ஒன்று கரையும் இடத்தில் மற்றது திப்பியாக நிற்கும். லெசித்தினுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, இரண்டும் ஒரே கரைப்பானில் சேரும். எனவே இந்த வழியில் லெசித்தின் முந்திக்கொள்கிறது. எதைக் கலந்தாலும் அளவு மீறினால் நார் இளகி வலுக் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நாரின் மேற்பரப்பை மின்முறையில் கீறிவிட்டதுபோல் செய்து, நுரைப்பொருளை இரசாயனக் கண்ணியால் பிணைத்து விடுவது. கழுவினாலும் போகாது. ஆனால் செலவு ஏறும். மருத்துவச் சரக்குக்குத் தாங்கும். தெருக்கடையில் எண்ணி விற்கும் நாப்கினுக்குத் தாங்காது.

சென்ற ஆண்டு எங்கள் கடைக்கு ஒரு வெளியூர் விற்பனையாளர் 'பூந்திக்கொட்டைச் சாறேற்றிய மக்கும் துடைப்புத் துணி' என்று சுருள் கொண்டுவந்தார். பெயர் இங்கே வேண்டாம். மேசையில் விரித்து ஒரு துளி தண்ணீர் விட்டார், பட்டென்று உறிஞ்சியது. 'பார்த்தீர்களா ஐயா' என்றார். நான் அதே இடத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு இன்னொரு துளி விடச் சொன்னேன். சற்றுத் தயங்கி இறங்கியது. மறுபடி ஒற்றி மூன்றாவது துளி விட்டோம். முத்துப்போல அப்படியே உட்கார்ந்திருந்தது. 'மூன்று தடவை யாரும் துடைக்க மாட்டார்கள்' என்றார் அவர். ஒரு தடவை துணியாக விற்பதானால் அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் உறையில் 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். சுருளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

இந்த மூன்று துளிச் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு மருந்துச் சொட்டுக்குழாய், ஒரு டம்ளர் தண்ணீர், ஒற்றி எடுக்கப் பழைய பருத்தித் துணி, கைக்கடிகாரம் போதும். ஒவ்வொரு துளியும் இறங்க ஆகும் வினாடியைக் குறித்துக்கொண்டால் இரண்டு சரக்கை ஒப்பிடலாம். தண்ணீர் சுத்தமான பாத்திரத்தில் இருக்க வேண்டும்; சோப்புக் கழுவிய டம்ளரில் மிச்சம் இருந்தால் எந்தத் துணியும் தேறிவிடும்.

இயற்கை என்றால் தீங்கில்லை என்று அர்த்தமா?

விற்பனைப் பேச்சில் அடிக்கடி கேட்பது, 'செடியில் இருந்து வந்தது, ஆகவே தீங்கே இல்லை' என்பது. பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று தலைக்குத் தேய்த்துக் குளித்தவர்களைக் கேட்டால் தெரியும். சபோனின் நீரில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். மீன் பிடிக்க இத்தகைய காய்களை நசுக்கிப் போடும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. இரத்தத்தில் நேரடியாகக் கலந்தால் சிவப்பணுக்களின் சவ்வை உடைக்கும். எனவே வெளித்தோலைத் துடைக்கும் துணியில் இருப்பது வேறு. திறந்த புண்ணில் வைக்கும் காயக்கட்டில் இருப்பது வேறு. காயத்துக்கான நாரில் ஆய்வாளர்கள் லெசித்தினை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் உடலின் உயிரணுச் சவ்வே அந்த வகைப் பொருளால் ஆனதுதான். மூலிகைச் சாறு ஏற்றிய பேண்டேஜ் என்று யாராவது கொண்டுவந்தால், மருந்து உரிமம் கேட்காமல் மெடிக்கல் கடைக்காரர்கள் தொட வேண்டாம்.

நாரின் மக்கும் குணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.எல்.ஏ. மக்குவது ஏறத்தாழ 58 டிகிரி சூடும் போதிய ஈரமும் உள்ள தொழில்முறை உரக் கூடத்தில்தான். 180 நாளில் 90 சதவிகிதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்பது தர விதி. வீட்டுக் குப்பைக் குழியிலோ, கண்மாயிலோ, கடலிலோ போட்டால் நெடுநாள் அப்படியே கிடக்கும். நீர்ப்பற்று ஏற்றிய நார் ஈரத்தை உள்ளே விடுவதால் சற்று விரைவாகச் சிதையலாம். அதற்காகக் குப்பை மேட்டில் அது பருத்தியாக மாறிவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் சட்டத்தில் பி.எல்.ஏ.வையும் பிளாஸ்டிக் என்றே சேர்த்திருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் ஈரத்துடைப்பான், நாப்கின் உறைகளில் பிளாஸ்டிக் இருப்பதைக் குறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஏற்றுமதி செய்யும் கரூர், ஈரோடு நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கிடங்கில் வைப்பது

நீர்ப்பற்று ஏற்றிய மக்கும் சரக்கைப் பாலிப்ரோப்பிலீன் சரக்கு மாதிரி கிடங்கில் போட்டுவைக்க முடியாது. பி.எல்.ஏ. 55, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு ஒட்டினாற்போல் மேல் அடுக்கில் வைத்த பெட்டியும், மூடிய லாரியில் நாள் முழுதும் நின்ற பெட்டியும் ஆபத்துதான். சூடும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலி அறுந்து நார் மெல்ல வலுவிழக்கும். நீரை ஏற்கும்படி செய்த நாருக்கு இது இன்னும் சீக்கிரம். அத்துடன், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரை மூன்று நாள் வைத்தால் வாடை அடிக்கும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த செய்தி. மக்கும் பொருள் என்றால் கிருமிக்கு உணவு என்று பொருள். ஈரத் துடைப்பானாக வரும் சரக்கில் கெடாமல் காக்கும் மருந்து கட்டாயம் இருக்கும். இல்லையென்று சொன்னால் பூசணம் வரும். எனவே தயாரிப்புத் தேதி பார்த்து, சிறு அளவில் வாங்கி, முதலில் வந்ததை முதலில் விற்பதே சரி.

நமது சரக்குக்கு உள்ள வாய்ப்பு

மலைச்சரக்கு வியாபாரிகளுக்கு வருகிறேன். இதில் வாய்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை துடைக்கும் துணி, முகம் துடைப்பான், அழகு நிலையங்களின் துண்டு முதலியவற்றுக்கு மேற்பூச்சு முறையே போதும் என்பதால், அங்கே பூந்திக்கொட்டைச் சாறு நிற்கும். ஆனால் ஆலைக்காரர் வாங்குவது கொட்டையை அல்ல, சபோனினை. ஈரோட்டிலும் சேலத்திலும் மஞ்சளைச் சாறு எடுப்பவர்கள் குர்குமின் எவ்வளவு என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். நிறத்தையும் பருமனையும் பார்த்து வாங்கும் சமையல் மஞ்சள் வியாபாரம் வேறு, அது வேறு. பூந்திக்கொட்டைக்கும் அந்தக் காலம் வருகிறது. உள்ளிருக்கும் கறுப்பு விதையில் நுரை இல்லை. எடை மட்டும் உண்டு. விதை நீக்கிய தோலாக, நன்றாகக் காய்ந்ததாக, பழைய சரக்கும் புதிய சரக்கும் கலக்காமல் கொடுத்தால்தான் ஆலை மறுமுறை வாங்கும். பிரித்துக் காயவைக்கும் வேலையை மலையிலேயே செய்தால் பொறுக்கும் மக்களுக்குக் கூலி கிடைக்கும், நமக்கு லாரி வாடகை மிச்சம்.

சிலி நாட்டுக் கிலாயாவின் கதையையும் கவனிக்கலாம். அந்தப் பட்டையில் இருந்து பிரித்த சபோனின் தடுப்பூசிக்குத் துணைமருந்தாகச் சேர்கிறது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியிலும், புனேயில் தயாராகி 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் அது இருக்கிறது. இத்தனை தேவை ஏறியும், பட்டைக்கு மரத்தின் மேல்தான் கை வைக்க வேண்டும். மரம் வளர ஆண்டுகள் பல. நமது பூந்திக்கொட்டை, மரத்தைத் தொடாமல் ஆண்டுதோறும் உதிர்வதைப் பொறுக்கும் சரக்கு. பனி முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் வரும். ஆனால் பொறுக்குவதற்குப் பொறுமை இல்லாமல் பச்சைக் காயாக உலுக்கி எடுத்தாலோ, கிளையை வெட்டிச் சாய்த்தாலோ நாமும் சிலி நாட்டார் நிலைக்குத்தான் வருவோம். பச்சையில் பறித்த காய் காய்ந்தபின் சுருங்கி எடையும் நிற்காது.

யாரேனும் பெரிய அளவில் கொள்முதல் ஒப்பந்தம் என்று வந்தால், சபோனின் அளவு எந்த ஆய்வகத்தில், யார் செலவில் பார்ப்பது, குறைந்தால் விலை எப்படிக் கழிப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் 'தரம் பார்த்துத் தருகிறோம்' என்று விட்டால், சரக்கு இறங்கிய பிறகு தரம் குறைவு என்பார்கள்; திருப்பிக் கொண்டுவரும் லாரி வாடகையும் நம் தலையில்தான் விழும்.

சில்லறைக் கடைக்காரர்கள் மக்கும் நார்ச் சரக்கு வாங்கும்போது பில்லில் சில விவரங்களைக் கேட்டு வாங்குவது நல்லது. நார் முழுதும் பி.எல்.ஏ.வா, பாலிப்ரோப்பிலீன் கலந்ததா. நாப்கின் என்றால் 2019இல் திருத்திய ஐ.எஸ். 5405 தரத்துக்கு உட்பட்டதா. 'மக்கும் பிளாஸ்டிக்' என்று எழுதியிருந்தால் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரமும், தயாரிப்பாளர் பெற்ற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றின் எண்ணும் உறையில் இருக்கிறதா. இருந்தால், அந்தச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மூலப்பொருள் விற்றவரின் சான்றைக் காட்டி, நாப்கின் செய்தவர் பிழைக்கப் பார்ப்பதுண்டு. பில் தராமல் 'ரொக்கத்துக்குக் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் இந்தச் சரக்கை வாங்கவே வேண்டாம். சோதனைக்கு வரும் அலுவலர் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். சொட்டுக்குழாயையும் டம்ளரையும் அவரிடம் காட்டிப் பயனில்லை.